‘எல்லாம் செட்டப்’ என்று தெரிந்த பிறகும் பழைய மல்யுத்தத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: சின்ன வயதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். விரும்பிப் பார்த்தேன். யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். ஆனால் எண்பதுகளின் மேட்ச்களையும், மைக் பிடித்துப் பேசும் புரோமோக்களையும் இன்றும் சிலர் உருகிப் பார்க்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது? எதிலிருந்து தொடங்கலாம்?

‘தெரிந்ததும் விட்டுவிட்டேன்’ என்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். 1989 பிப்ரவரியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்திடம், தாங்கள் நடத்துவது பந்தயம் இல்லை, பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று சொல்லிவிட்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கு இருக்கும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு வாங்குவதற்காகச் சொன்னது அது. செய்தி பத்திரிகைகளில் வந்தது. பல தலைமுறைகளாகத் தொழிலில் இருந்தவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியம் அது. அவர்கள் மொழியில் அதற்குக் ‘கேஃபேப்’ என்று பெயர். வில்லனாக நடிப்பவரும் நல்லவராக நடிப்பவரும் வெளியூரில் ஒரே காரில் போகக்கூடாது, ஒரே ஓட்டலில் சேர்ந்து சாப்பிடக்கூடாது என்ற அளவுக்கு அதைக் காப்பாற்றினார்கள்.

அந்த ரகசியம் பத்திரிகையில் அச்சான அதே மாதம் 20-ஆம் தேதி, சிகாகோவில் ரிக் ஃபிளேரும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதினார்கள். அடுத்த இரண்டரை மாதங்களில் இன்னும் இரண்டு பெரிய மேட்ச்கள். அமெரிக்க மல்யுத்தத்தில் இந்த மூன்றுக்கும் இணையாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை தெரிந்துவிட்டதால் அந்த அரங்குகளில் யாரும் கத்தாமல் உட்கார்ந்திருக்கவில்லை. துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே நம் ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள்? முடிவு தெரிந்திருப்பது வேறு, அந்த நேரத்தில் நெஞ்சு பதறுவது வேறு.

சரி, தொடங்க வேண்டிய இடம் மேட்ச் அல்ல, புரோமோ. காரணம் சொல்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் மல்யுத்தம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி. டிவியில் வருவது இலவசம். வருமானம் ஊர் ஊராகப் போய் நடத்தும் காட்சிகளின் டிக்கெட்டில் இருந்தது. டிவியில் நல்ல மேட்சைக் காட்டிவிட்டால் டிக்கெட் யார் வாங்குவார்கள்? அதனால் டிவியில் பெரிய ஆள் சின்ன ஆளைச் சட்டென்று தோற்கடிப்பார், பிறகு மைக் முன்னால் வந்து பேசுவார். அந்த இரண்டு மூன்று நிமிடப் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பம் சனிக்கிழமை ராத்திரி காசு செலவழித்து அரங்குக்கு வர வேண்டும். எழுதிக் கொடுக்க ஆள் கிடையாது. யாரோடு மேட்ச், எந்த ஊர், எந்தத் தேதி என்று சொல்வார்கள். மற்றதெல்லாம் பேசுபவர் பாடு. பேசத் தெரியாதவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நடுவரிசையிலேயே தேங்கிவிடுவார்.

இந்தப் பின்னணியோடு டஸ்டி ரோட்ஸ் 1985-இல் பேசிய ‘ஹார்ட் டைம்ஸ்’ புரோமோவைப் பாருங்கள். மூன்று நிமிடம்தான் இருக்கும்.

கதை இப்படி. வட கரோலினாவின் சார்லட் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது ஜிம் கிராக்கெட்டின் கம்பெனி. உலக சாம்பியன் ரிக் ஃபிளேர்: வெளுத்த தங்கநிறத் தலைமுடி, பளபளக்கும் அங்கி, ரோலக்ஸ் வாட்ச், லிமோசின் கார். செப்டம்பர் மாதம் அட்லாண்டாவில் கூண்டுக்குள் நடந்த மேட்ச் முடிந்ததும் ரஷ்ய வேடக்காரர்கள் ஃபிளேரை அடிக்க, டஸ்டி ஓடிவந்து காப்பாற்றுகிறார். காப்பாற்றியவரையே ஃபிளேரும், ஓலே ஆண்டர்சன், ஆர்ன் ஆண்டர்சன் இருவரும் சேர்ந்து மடக்கிக் கணுக்காலை உடைக்கிறார்கள். உடைந்தது கதைப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து டஸ்டி பேசிய பேச்சுதான் இது.

ஆளைப் பார்த்தால் வீரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொப்பை. லேசாக நாக்குத் தடுக்கும் பேச்சு. டெக்சாஸில் ஒரு பிளம்பரின் மகன். அதை அவர் ஒளிக்கவில்லை, ‘பிளம்பரின் மகன்’ என்பதையே பட்டம்போலச் சொல்லித் திரிந்தார். அந்தப் பேச்சிலும், இந்தக் காலத்து விளையாட்டு வீரன் மாதிரி நான் இல்லை, வயிறு கொஞ்சம் பெரிசு என்று தானே சொல்கிறார். பிறகு ஃபிளேரைப் பார்த்து, கஷ்டகாலம் என்றால் உனக்கு என்னவென்று தெரியுமா என்று ஆரம்பிக்கிறார். மில் தொழிலாளிக்கு வேலை போய், நாலைந்து பிள்ளைகளுக்குச் சோறு வாங்க வழியில்லாமல் நிற்பது கஷ்டகாலம். கார் தொழிற்சாலையில் இருந்தவனை வீட்டுக்குப் போ என்று சொல்வது கஷ்டகாலம். முப்பது வருஷம் ஒரே இடத்தில் உழைத்தவன் கையில் ஒரு வாட்சைக் கொடுத்து, உன் இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று வெளியே தள்ளுவது கஷ்டகாலம். ‘முப்பது வருஷம்’ என்பதை இரண்டு தடவை சொல்வார். இரண்டாவது தடவை குரல் ஒரு படி ஏறும். அந்த இடத்தில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இதை யாரிடம் சொன்னார் என்று யோசியுங்கள். கரோலினா மாநிலங்கள் இரண்டும் பஞ்சாலை ஊர்கள். வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததில் அந்த ஆலைகள் எண்பதுகளில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மில்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். பேச்சின் முடிவில் கேமராவை நோக்கிக் கையை நீட்டி, வீட்டில் இருக்கும் நீங்களும் கையை நீட்டித் தொடுங்கள் என்பார். டிக்கெட் விற்கப் பேசிய பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில நிமிடத்துக்கு உலக சாம்பியன் பட்டம் என்ற தகரத் தட்டு, வேலை போன மனிதர்கள் எல்லோருக்கும் சொந்தமான பொருளாகிவிடுகிறது.

என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ஆலை மூடியது. சேர வேண்டிய பணம் தவணை தவணையாகத்தான் வந்தது, முழுதாக வந்து சேரவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நான் ஃபோனில் இந்தப் புரோமோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ‘யாரு இது, இந்தக் கத்துக் கத்துறாரு?’ என்றார். அவருக்கு இங்கிலீஷ் வராது. நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வாட்ச் கொடுத்து அனுப்பும் இடம் வந்ததும், ‘எங்களுக்கு அதுவும் குடுக்கல’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘செரியாத்தான் சொல்றாரு’ என்றார். மறுபடி போடச் சொல்லி, இரண்டாவது தடவை நான் மொழிபெயர்க்காமலே பார்த்தார். மல்யுத்தம் பொய் என்று சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டியவர் அவர்.

டஸ்டியைக் கொண்டாடும்போது அவர் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்று கதை போடும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. இந்தப் புரோமோ எதற்காகப் பேசப்பட்டதோ அந்த ‘ஸ்டார்கேட்’ நிகழ்ச்சி 1985 நவம்பர் 28 அன்று நடந்தது. டஸ்டி ஃபிளேரை விழவைத்து, நடுவர் மூன்று எண்ண, அரங்கமே கொண்டாடியது. பிறகு டிவியில், இன்னொரு ஆள் குறுக்கே புகுந்ததால் அந்த வெற்றி செல்லாது, பட்டம் ஃபிளேருக்கே என்று அறிவித்தார்கள். ஜெயித்ததாகக் காட்டிப் பிடுங்குவது. இதை அவர் அடிக்கடி செய்ததால் அந்த மாதிரி முடிவுக்கே ‘டஸ்டி ஃபினிஷ்’ என்று பெயர் வந்துவிட்டது. மில் தொழிலாளிக்குச் சொந்தம் என்று சொன்ன பட்டத்தைப் பிறகு திருப்பி வாங்கிக்கொள்வது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம். அடுத்த ஜூலையில் கிரீன்ஸ்பரோவில் உண்மையாகவே பட்டம் வென்றார். இரண்டே வாரத்தில் அது ஃபிளேரிடம் திரும்பிப் போனது.

அதே 1985 ஸ்டார்கேட்டில் மேக்னம் டி.ஏ., டல்லி பிளாஞ்சர்ட் இருவரும் கூண்டுக்குள் மோதிய மேட்சையும் பார்த்துவிடுங்கள். ‘தோற்றேன்’ என்று மைக்கில் வாய்விட்டுச் சொன்னால்தான் முடியும் மேட்ச். இதில் தாவல், பறத்தல் எதுவும் இல்லை. இரண்டு பேர் ரத்தம் வழிய ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவர் மைக்கை வாயருகே நீட்டும்போது கேட்கும் அந்த மூச்சிரைப்பும் முனகலும்தான் பின்னணி இசை. முடிவில் உடைந்த மரநாற்காலியின் கூரான துண்டு ஒன்று வருகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். மனசு இளகியவர்கள் பார்க்க வேண்டாம். மேக்னம் அடுத்த பெரிய நட்சத்திரம் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், 1986 அக்டோபரில் கார் விபத்தில் சிக்கினார். அதன் பிறகு அவர் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது இந்த மேட்ச் இன்னும் கனக்கிறது.

இப்போது ஃபிளேர். அவரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: உலக சாம்பியன் என்கிறார்கள், ஆனால் மேட்ச் முழுக்க அடி வாங்குகிறாரே, மண்டியிட்டுக் கையெடுத்துக் கெஞ்சுகிறாரே? அது அந்த வேலையின் இலக்கணம். என்.டபிள்யூ.ஏ. என்பது அந்த வட்டார முதலாளிகளின் கூட்டமைப்பு. அதன் சாம்பியன் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பயணம் போய் அந்த ஊர் நாயகனோடு மோத வேண்டும். ‘நம்ம ஆள் ஜெயிச்சிருப்பான், மயிரிழையில் போச்சு’ என்று ஊர் பேசினால்தான் சாம்பியன் போன பிறகும் அந்த நாயகனுக்கு மதிப்பு இருக்கும், அடுத்த வாரம் டிக்கெட் விற்கும். ஒரு மணி நேரம் சண்டை போட்டு, எதிராளியை உயர்த்திவிட்டு, தான் பட்டத்தோடு தப்பித்துப் போக வேண்டும். மறுநாள் வேறு ஊர். 1975-இல் விமான விபத்தில் முதுகெலும்பு மூன்று இடத்தில் முறிந்த மனிதர், ராத்திரிக்கு ராத்திரி அந்த முதுகில் விழுந்து எழுந்து இதைச் செய்தார். அவர் கெஞ்சுவதைக் கோழைத்தனமாகப் பார்க்காதீர்கள். எதிரே நிற்பவருக்கு அவர் கொடுக்கும் மரியாதை அது.

ரிக்கி ஸ்டீம்போட் அவருக்கு நேர் எதிர். வில்லன் வேடம் பக்கமே போகாதவர். 1989 கதையில் ஃபிளேர் அழகிகள் புடைசூழ வருவார். ஸ்டீம்போட் மனைவியோடும் குட்டிப் பையனோடும் வருவார். சிகாகோவில் ஸ்டீம்போட் பட்டத்தை ஜெயித்தார். ஏப்ரல் 2-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், மூன்றில் இரண்டு வெற்றி என்ற கணக்கில் மறுபோட்டி. அதே நாளில் எதிர்க் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் ஐந்தாவது பதிப்பை நடத்தியது. அதற்குப் போட்டியாக ஃபிளேரின் கம்பெனி இந்த மேட்சை டிவியில் இலவசமாக ஒளிபரப்பியது. அவ்வளவு பெரிய அரங்கில் நாற்காலிகள் பெரும்பாலும் காலி. அந்தக் காலியான மாடத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனசு வலிக்கிறது. கிட்டத்தட்ட 55 நிமிடம் நடந்த மேட்ச் அது.

எனக்குப் பிடித்தது அதில் நெஞ்சில் விழும் அறைகள். ஃபிளேர் அறைவார், ஸ்டீம்போட் திருப்பி அறைவார். சத்தம் கூரை வரை போகும், சில நிமிடங்களில் இருவர் நெஞ்சும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். முடிவு முன்னாலேயே தீர்மானிக்கப்பட்டது என்பதால் அந்தத் தோல் சிவக்காமல் இருக்கவில்லை. ஆனால் அதைவிட முக்கியமானது கால். ஃபிளேரின் ஆயுதம் ‘ஃபிகர் ஃபோர்’ என்ற கால்பூட்டு. மேட்ச் நீள நீள ஸ்டீம்போட்டின் கால் பழுதாகிக்கொண்டே வருகிறது. அவர் அதை ஒரு நொடிகூட மறப்பதில்லை. ஓடும்போது நொண்டுகிறார், ஃபிளேரைத் தூக்கும்போது பாதி உயரத்தில் தடுமாறுகிறார். இதற்குத்தான் ‘செல்லிங்’ என்று பெயர்: வலியைப் பார்ப்பவர் உடம்புக்குக் கடத்துவது. கடைசியில் மேட்ச் முடிவதே அந்தக் கால் நிற்க முடியாமல் மடங்குவதால்தான். முன்னாலேயே போட்ட விதை அங்கே முளைக்கிறது. இப்போதைய மேட்ச்களில் காலை உடைத்துவிட்டு அடுத்த நிமிடம் கயிற்றின் மேலிருந்து பாய்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் நியூ ஆர்லியன்ஸை நினைக்கிறேன்.

இன்னொன்று. இதே ஸ்டீம்போட் இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1987 மார்ச் 29 அன்று, ரெசில்மேனியா 3-இல் ரேண்டி சாவேஜோடு மோதினார். மிச்சிகனில் 93,173 பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டம். ஹல்க் ஹோகன் ராட்சத ஆந்த்ரேவைத் தூக்கிப் போட்ட நாள் அது. ஊர் உலகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். ஆனால் ரசிகர்களிடம் கேட்டால் சாவேஜ் மேட்சைத்தான் சொல்வார்கள். 15 நிமிடத்துக்கும் குறைவு, மூச்சு விட இடமில்லை. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் தாளில் வரிசையாக எழுதி, இருவரும் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்து ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். ஃபிளேரோடு ஆடும்போது அப்படி இல்லை. ரிங்குக்குள் காதோடு காது பேசி, கூட்டம் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்து அந்தக் கணத்தில் முடிவெடுத்து ஆடினார்கள். இரண்டு முறையிலும் உச்சம் தொட்டது ஒரே மனிதர். எது சிறந்தது என்று கேட்டால் நான் ஃபிளேர் பக்கம். சாவேஜ் மேட்ச் எத்தனை தடவை பார்த்தாலும் ஒரே மேட்ச். நியூ ஆர்லியன்ஸில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பார்வையோ ஒரு தயக்கமோ கண்ணில் படுகிறது.

புரோமோ பக்கம் டஸ்டிக்கு அடுத்து ஜேக் ராபர்ட்ஸைக் கேளுங்கள். எல்லோரும் நரம்பு புடைக்கக் கத்திய காலத்தில் அவர் மட்டும் ரகசியம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் பேசினார். என்ன சொல்கிறார் என்று டிவியின் சத்தத்தைக் கூட்டி, உடம்பை முன்னால் சாய்த்துக் கேட்க வேண்டியிருக்கும். கேட்டதும் பயம் வரும். சாவேஜ் பேச்சு இன்னொரு ரகம். 1987-இல் காபிக்கு ஊற்றும் குட்டிக் கிரீம் டப்பாக்களை எங்கிருந்தோ ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, தான்தான் பாலில் மிதக்கும் ஆடை என்று பேசியதைத் தேடிப் பாருங்கள்.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. இன வேடங்கள் பல இன்று பார்க்கக் கூச வைப்பவை. பெண்களுக்குப் பெரிய இடம் கொடுக்கவில்லை. நெற்றியைப் பிளேடால் கீறி ரத்தம் வரவழைப்பது சாதாரணமாக நடந்தது. அந்தத் தலைமுறையில் பலர் சீக்கிரம் போய்விட்டார்கள்: சாவேஜ் 2011-இல், 58 வயதில், அந்தக் காலத்தின் இன்னொரு பெரிய நட்சத்திரமான ரோடி பைப்பர் 2015-இல், 61 வயதில். டஸ்டியும் அதே 2015 ஜூன் மாதம் காலமானார். வலி எல்லாம் நடிப்பு என்று சொல்பவர்கள் இந்த வயதுகளைப் பார்க்க வேண்டும்.

வரிசை இதுதான்: முதலில் ஹார்ட் டைம்ஸ். அப்புறம் சாவேஜ்–ஸ்டீம்போட், சின்ன மேட்ச் என்பதால். பிறகு சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ் இரண்டையும் ஒரே வாரத்தில். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், வர்ணனையாளர் ஜிம் ராஸின் குரல் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் கூட்டம் எழுப்பும் சத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே அடங்குகிறது என்று காது கொடுங்கள். நடுவில் ஃபோனை எடுக்காதீர்கள். மெதுவாகப் போகும் முதல் 15 நிமிடம் வீணல்ல. கடைசி ஐந்து நிமிடத்துக்கான கடன் அங்கேதான் வாங்கப்படுகிறது.

மூன்றாவது மேட்ச், 1989 மே 7, நாஷ்வில். அதன் முடிவை எங்கேயும் படித்துவிடாதீர்கள். நேரம் முடிந்து சமநிலை வந்தால் தீர்ப்புச் சொல்ல ரிங் ஓரமாக மூன்று முன்னாள் சாம்பியன்கள் உட்கார்ந்திருப்பார்கள்: லூ தேஸ், பாட் ஓ’கானர், டெர்ரி ஃபங்க். மேட்ச் முடிந்து பெல் அடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஃபங்க் எழுந்து, ஜெயித்தவருக்குக் கை கொடுக்க ரிங்குக்குள் வருவார். அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள்.